ஒரே மாத்திரை, இரண்டு முகவரி

பக்கவாதத்துக்கு பிரேசில் மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் நீளமானது. ஜனங்கள் அதை 'டெர்ராமே' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். சிந்திவிட்டது, கொட்டிவிட்டது என்று பொருள். தலைக்குள் எதுவோ கொட்டிப்போனது என்ற படம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நம் பக்கத்தில் "ஒரு பக்கம் விழுந்துடுச்சு", "கை கால் இழுத்துக்கிச்சு" என்கிறோம். கொட்டுவது, விழுவது, இழுப்பது எல்லாமே நொடியில் முடிகிற காரியங்கள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தார், காலையில் பல் தேய்க்கப் போனவர் சரிந்துவிட்டார் என்றுதான் எந்த ஊரிலும் இந்தக் கதையைத் தொடங்குகிறார்கள்.

எனக்கு அந்தத் தொடக்கத்தில் நம்பிக்கை இல்லை. சரிந்த நொடிக்கு முன்னால் ஒரு ராத்திரி இருக்கிறது, அதற்கு முன்னால் இருபது வருடம், அதற்கும் முன்னால் ஒரு குழந்தைப் பருவம். பின்னோக்கி நடந்து பார்ப்போம். நடந்து பார்க்க ஒரே நகரத்தின் இரண்டு மூலைகளை எடுத்துக்கொள்கிறேன். நகரம் சாவோ பாவுலோ, பிரேசிலின் மிகப் பெரிய ஊர். மாநகர எல்லைக்குள் மட்டும் ஒரு கோடிக்கு மேல் ஜனம், 96 வட்டாரங்கள். அவற்றில் ஒன்று மொயெமா, இன்னொன்று சிடாடே டிராடென்டெஸ்.

மொயெமா நடுநகருக்குத் தெற்கே, இபிராப்புவேரா பூங்காவின் ஓரத்தில் இருக்கிறது. 1954-இல் திறந்த பூங்கா அது. உள்ளே ஆஸ்கார் நீமேயர் வடிவமைத்த கட்டடங்கள், ஏரி, காலையில் ஓடுகிறவர்களுக்கென்றே பாதைகள். மொயெமாவின் தெருக்களில் ஒரு பாதிக்குப் பறவைகளின் பெயரும் மறுபாதிக்குப் பழங்குடிகளின் பெயரும் வைத்திருக்கிறார்கள். வீட்டுத் தரகர்கள் 'பறவை மொயெமா', 'இந்தியர் மொயெமா' என்றே விலை பேசுவார்கள். அந்தப் பழங்குடிகளில் யாரும் அங்கே வாடகைக்கு இருக்கவில்லை என்பது வேறு விஷயம். 2010 கணக்கெடுப்பில் சுமார் 83,000 பேர்.

சிடாடே டிராடென்டெஸ் கிழக்குக் கடைசி. நடுநகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பெரும்பாலும் 1980-களில் அரசு வீட்டுவசதி நிறுவனம் மேடுபள்ளத்தைச் சமன்செய்து, பெட்டி பெட்டியாக அடுக்கி ஏறக்குறைய 40,000 வீடுகளைக் கட்டியது. லத்தீன் அமெரிக்காவின் மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு என்று அதைச் சொல்வார்கள். 2010-இல் அங்கே 2,11,000 பேர். சென்னை வாசகருக்குக் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் நினைவுக்கு வந்தால் அது பிழையில்லை. வேலை இருக்கும் இடத்திலிருந்து ஆளைக் கிளப்பி, வேலை இல்லாத இடத்தில் வீடு கொடுக்கும் பழக்கம் இரண்டு ஊருக்கும் பொது. டிராடென்டெஸ் என்பது ஒரு மனிதரின் பட்டப்பெயர். போர்ச்சுக்கீசிய ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததற்காக 1792-இல் தூக்கிலிடப்பட்டவர். பல் பிடுங்கும் தொழிலும் தெரிந்தவர் என்பதால் 'பல் பிடுங்கி' என்ற அந்தப் பெயர். நகரத்தின் மருத்துவ வசதி குறைந்த மூலைகளில் ஒன்றுக்கு ஒரு நாட்டு வைத்தியரின் பெயர்.

இரண்டு வட்டாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது எல்லாரும் எடுத்துப் போடுகிற எண் ஒன்று உண்டு. நகரின் ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு குடிமக்கள் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் வரைபடத்தில், 2019-இல், மொயெமாவில் இறந்தவர்களின் சராசரி வயது 80.57. டிராடென்டெஸில் 57.31. இடையில் 23 வருடம். செய்தித்தாளுக்கு அளவெடுத்துத் தைத்த எண். ஆனால் ஒப்பிட உட்காருகிறவர் இதை அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளக் கூடாது. டிராடென்டெஸில் குழந்தைகளும் வாலிபர்களும் அதிகம், மொயெமாவில் கிழவர்கள் அதிகம். இளைஞர்கள் நிறைந்த ஊரில் இறப்பின் சராசரி வயது எப்படியும் குறைவாகத்தான் வரும். துப்பாக்கியும் சாலை விபத்தும் அதை இன்னும் கீழே இழுக்கும். 57 என்பது அங்கே பிறக்கும் குழந்தையின் ஆயுள் எதிர்பார்ப்பு அல்ல. பக்கவாதத்தைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்வதில்லை.

சரியாக ஒப்பிட வேண்டுமானால் ஒரே வயதுக்காரர்களை ஒரே நோய்க்கு ஒப்பிட வேண்டும். சாவோ பாவுலோவில் அது முடியும் என்பதுதான் இந்த நகரத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம். 1990-ஐ ஒட்டி மாநகராட்சி இறப்புப் பதிவுகளைச் சீர்செய்ய ஒரு தனித் திட்டம் தொடங்கியது. ஒவ்வொரு இறப்புச் சான்றும் எந்த வட்டாரத்து முகவரி, என்ன காரணம் என்று பிரித்து வைக்கப்படுகிறது. பிரேசிலின் இறப்புச் சான்றில் நிறம், பள்ளிப்படிப்பு, தொழில் ஆகியவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தின் பாவுலோ லோட்டுஃபோவும் அவருடைய குழுவினரும் இந்தக் காகிதங்களை வைத்து 1996 முதல் 2011 வரைக்கும் பார்த்தார்கள். வட்டாரங்களை வருமானப்படி மூன்று தட்டாகப் பிரித்து, நடுவயதிலும் முதுமையின் தொடக்கத்திலும் பக்கவாதத்தால் இறந்தவர்களைக் கணக்கிட்டார்கள்.

கிடைத்த விடையில் நல்ல சேதியும் இருந்தது. மூன்று தட்டிலும் பக்கவாத மரணம் குறைந்திருந்தது, ஏழை வட்டாரங்களிலும்கூட. கசப்பு அதன் அடியில் இருந்தது. பணக்கார வட்டாரங்களில் அது வேகமாகக் குறைந்தது, ஏழை வட்டாரங்களில் மெதுவாக. அதாவது எல்லாருக்கும் நிலைமை முன்னேறிக்கொண்டிருந்த அதே பதினைந்து வருடத்தில் இரண்டு தட்டுக்கும் நடுவில் இருந்த விகிதம் விரிந்தது. இப்படியொரு செய்தி வந்தால் அரசுகள் முதல் பாதியை மட்டும் சுவரொட்டியில் அடிக்கும். எனக்கு இரண்டாம் பாதிதான் விளங்காமல் கிடந்தது.

முதலில் அந்த ராத்திரியைப் பார்த்துவிடுவோம். எல்லாரும் காரணத்தை அங்கேதான் தேடுவார்கள்.

மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். போடுவதற்கு முன் ஸ்கேன் எடுத்து, இது அடைப்பா, கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவாக இருந்து ஊசியைப் போட்டால் கொலைக்குச் சமம். ஆக ஆம்புலன்ஸ், ஸ்கேன், படித்துச் சொல்ல ஆள், மருந்து நான்கும் ஒரே கூரைக்கு அடியில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். மொயெமாவுக்குப் பக்கத்து வட்டாரத்திலேயே ஒரு பெரிய மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளைச் சொல்லவே வேண்டாம். அடுக்குமாடியில் லிஃப்ட், வாசலில் காவலாளி, கீழே கார். டிராடென்டெஸின் வீட்டுவசதிக் கட்டடங்களில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடியில் ஒரு பக்கம் விழுந்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்து, திருப்பத்துக்குத் திருப்பம் சுவரில் இடித்து இறக்க வேண்டும். அவர்களுக்கென்று ஒரு மாநகராட்சி மருத்துவமனை 2007-இல்தான் வந்தது, வீடுகள் எழுந்து இருபது வருடத்துக்குப் பிறகு.

கட்டி கரைக்கும் மருந்தைப் பிரேசிலின் பொது மருத்துவத் திட்டம் 2012-இல் தன் பட்டியலில் சேர்த்தது. குழாய்க்குள் கம்பி விட்டுக் கட்டியையே இழுத்தெடுக்கும் சிகிச்சை ஏழை நாட்டு அரசு மருத்துவமனையில் எடுபடுமா என்று சந்தேகப்பட்டவர்களுக்கு 2020-இல் பதில் கிடைத்தது. பிரேசிலின் 12 அரசு மருத்துவமனைகளில் 221 பேரைக் கொண்டு செய்த சோதனையில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம் பேர் தம் வேலையைத் தாமே செய்யும் அளவுக்குத் தேறினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 20 சதவீதம். அரசு ஆஸ்பத்திரி என்றால் ஆகாது என்ற பேச்சை நான் ஏற்காததற்கு இது போதும். ஆனாலும் இந்தத் தேதிகளைக் கவனியுங்கள். இடைவெளி விரிந்தது 1996 முதல் 2011 வரை. அப்போது இந்த மருந்தும் கம்பியும் பொது மருத்துவமனைக்குப் பெரும்பாலும் வந்திருக்கவே இல்லை, நகரம் முழுவதிலும் அதைப் பெற்றவர்கள் கொஞ்சம் பேர். அவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒரு ராத்திரி மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது.

அந்த ராத்திரிக்கு முந்திய காலைக்குப் போவோம்.

பக்கவாதத்துக்கு முதல் காரணம் ரத்தக்கொதிப்பு. எத்தனையோ நாடுகளில் பார்த்த ஆய்வுகள் அதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதற்கான மாத்திரை விலை உயர்ந்ததல்ல, புதியதும் அல்ல. பிரேசிலில் 2011 முதல், அரசோடு ஒப்பந்தம் செய்த மருந்துக்கடைகளில் சீட்டைக் காட்டினால் லோசார்ட்டான், எனலாப்ரில், கேப்டோப்ரில், ஹைட்ரோகுளோரோதயசைடு எல்லாம் இலவசம். ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே மாத்திரை. எங்கே வித்தியாசம் என்று கேட்பவர்கள் அந்த மாத்திரை வயிற்றுக்குள் போகும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

டிராடென்டெஸிலிருந்து மொயெமாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படிப் பல்லாயிரம் பேர். வட்டாரத்துக்குள் முறையான வேலை நகரிலேயே மிகக் குறைவான இடங்களில் ஒன்று அது, ஆகவே வேலை என்றால் பயணம். இருட்டில் எழுந்து பேருந்து, இட்டகேராவிலோ குவயனாசெஸிலோ இறங்கி ரயில், மறுபடி மாற்றம். போவதற்கு ஒன்றரை மணி, இரண்டு மணி. அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு ஒன்று. அது நீர் பிரிக்கும் மாத்திரை. காலையில் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். போட்டால் பேருந்தில் நெருக்கியடித்து நிற்கும்போது சிறுநீர் முட்டும். இறங்கி ஒதுங்க இடமில்லை, இறங்கினால் அடுத்த வண்டியில் ஏற இடமில்லை. ஆகவே வேலை நாளில் அதைத் தவிர்த்துவிடுவது. ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காகப் போடுவது. இதை டாக்டரிடம் சொல்வதில்லை, கேட்டால் "போடுகிறேன்" என்பதுதான் பதில். எந்த ஊர் அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவிலும் உட்கார்ந்த டாக்டருக்கு இந்தக் கதை தெரியும். கேப்டோப்ரிலுக்கு வேறு தொல்லை. அதை ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று வேளை போட வேண்டும். மத்தியான வேளை அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் கழிகிறவருக்கு, அந்த மாத்திரை வீட்டுப் பிரிட்ஜ் மேலேயே இருந்துவிடும்.

பிரஷர் பார்க்கலாம் என்றாலும் அதே சிக்கல்தான். அடிப்படைச் சுகாதார நிலையத்தை ஜனங்கள் செல்லமாக 'போஸ்ச்சினோ' என்பார்கள், குட்டி மையம் என்ற பொருளில். அது திறப்பதற்கு முன்பே அவர் கிளம்பியிருப்பார். அவர் திரும்பும்போது பெரும்பாலும் பூட்டியிருக்கும். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி. பிரேசிலில் வீட்டு வேலைக்காரர்களுக்கு வாரம் 44 மணி நேரம், மிகைநேரச் சம்பளம் என்பதெல்லாம் அரசியலமைப்புத் திருத்தமாக வந்ததே 2013-இல். அதுவும் மாதச் சம்பளத்துக்குப் பதிந்தவர்களுக்கு. வீட்டுக்கு ஒரு நாள் என்று தினக்கூலிக்குப் போகிறவர்களை அது தொடவில்லை.

இப்போது அந்தப் பெண் போய்ச் சேரும் வீட்டைப் பாருங்கள். அங்கே ஒரு மூதாட்டிக்கும் ரத்தக்கொதிப்பு. காலை எட்டு மணிக்குத் தட்டில் தண்ணீரும் மாத்திரையும் வைப்பவர் இந்தப் பெண்தான். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் செவ்வாய்க் கட்டம் காலியாகிவிட்டதா என்று பார்ப்பதும் அவர்தான். மூதாட்டியின் வாய் ஒரு பக்கம் கோணினால் முதலில் கவனிக்கப்போகிறவரும் அவர்தான். மொயெமாவின் பக்கவாத மரணங்கள் குறைந்ததில் டிராடென்டெஸின் உழைப்புக்கு ஒரு பங்கு உண்டு. ஆய்வுக் கட்டுரைகளில் இதற்குக் கட்டம் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு குரல் குறுக்கிடும். உப்பு, சிகரெட், கொழுப்பு, குடி எல்லாம் அவரவர் வாய், அவரவர் கை. வறுமையை ஏன் இழுக்கிறீர்கள் என்று. உப்பைப் பொறுத்தவரை பிரேசிலியர் எல்லாருமே குற்றவாளிகள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 5 கிராமைவிட ஏறக்குறைய இரட்டிப்பாகத் தின்கிறார்கள், அதில் மாளிகை குடிசை பேதம் பெரிதாக இல்லை. சிகரெட் கதை வேறு. 1989-இல் பிரேசிலில் மூன்று பெரியவர்களில் ஒருவர் புகைத்தார். 2013-இல் அது ஏழில் ஒருவரை நெருங்கிவிட்டது. உலகமே பாராட்டிய வெற்றி. அந்த வெற்றிக்குள்ளும் படித்தவர்கள் முதலில் விட்டார்கள், படிக்காதவர்கள் பின்னால் வருகிறார்கள். யார் முதலில் விட முடிகிறது என்பதுதான் கேள்வி. தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ள முடிகிறவர்கள்.

நிறத்தையும் சொல்லாமல் போக முடியாது. டிராடென்டெஸில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பர்கள் அல்லது கலப்பு நிறத்தவர்கள். மொயெமாவில் பத்தில் ஒருவர்கூட இல்லை. பிரேசில் முழுவதற்கும் 2010 கணக்கைப் பார்த்தபோது பக்கவாத மரணம் கறுப்பர்களிடம் அதிகம், கலப்பு நிறத்தவர்களிடம் நடுத்தரம், வெள்ளையரிடம் குறைவு என்று படிக்கட்டு மாதிரி இறங்கியது. இதைக் கண்டதும் மரபணுவைத் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. அடிமை முறையை 1888-இல்தான், மேற்குலகில் கடைசியாக, கைவிட்ட ஒரு நாட்டில் மரபணுவுக்கு முன் பார்க்க வேறு பல காகிதங்கள் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

இன்னும் பின்னால் போவோம், பத்துப் பதினைந்து வருடம்.

பிரேசிலின் 1988 அரசியலமைப்பு மருத்துவத்தைக் குடிமகனின் உரிமை என்று எழுதியது. 1994-இல் குடும்பச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், துணை நர்ஸ்கள், அவர்களோடு அந்தத் தெருவிலேயே வசிக்கும் சுகாதார முகவர்கள். ஒரு முகவர் அதிகபட்சம் 750 பேருக்குப் பொறுப்பு. மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். போஸ்ச்சினோவுக்கு வர முடியாத ஆளிடம் போஸ்ச்சினோ போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 1,600-க்கு மேற்பட்ட ஊராட்சிகளின் கணக்கை எடுத்து 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தத் திட்டம் எட்டு ஆண்டு நிலைத்து நின்ற இடங்களில் மூளை ரத்தநாள நோய் மரணங்கள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்ததைக் கண்டது. ஊசியும் இல்லை, கம்பியும் இல்லை. கதவைத் தட்டியதற்கு இவ்வளவு.

ஆனால் சாவோ பாவுலோ மாநகராட்சி அப்போது வேறு பாதையில் போனது. மேயர் பாவுலோ மாலுஃப் காலத்தில், 1996 தொடக்கத்தில், நகரின் சுகாதார நிலையங்கள் டாக்டர்களின் கூட்டுறவுச் சங்கங்களிடம் கொடுக்கப்பட்டன. தேசியத் திட்டத்துக்கு வெளியே நின்ற அமைப்பு அது. நோய் வந்து வாசலில் நிற்பவனைப் பார்த்து அனுப்புவதுதான் அதன் சுபாவம், வராதவனைத் தேடிப்போவது அல்ல. 2000 வரை அது ஓடியது. 2001-இல் மார்த்தா சுப்ளிசி மேயராக வந்த பிறகுதான் நகரம் தேசியத் திட்டத்துக்குத் திரும்பி, குடும்பச் சுகாதாரக் குழுக்களைப் பெரிய அளவில் அமைத்தது. கிழக்குப் பகுதியில் மாநில அரசும் ஒரு தேவாலய மருத்துவமனையும் சேர்ந்து அதற்கு முன்பே சில குழுக்களை அமைத்திருந்தன, அதை மறைக்கக் கூடாது. லோட்டுஃபோ குழுவின் கணக்கும் 1996-இல்தான் தொடங்குகிறது. இது காரணம், அது விளைவு என்று நான் கோடு போடவில்லை. தட்ட வேண்டிய கதவுகள் தட்டப்படாமல் இருந்த ஐந்து வருடம் அந்தக் கணக்குக்குள் இருக்கிறது என்று மட்டும் குறித்து வைக்கிறேன்.

இடைவெளி ஏன் விரிகிறது என்பதற்குப் பிரேசிலிலிருந்தே ஒரு விளக்கம் வந்திருக்கிறது. தெற்கே பெலோட்டாஸ் நகரின் செசார் விக்டோரா குழந்தை நலக் கணக்குகளை வைத்து 2000-இல் லான்செட் இதழில் எழுதியது அது. எந்தப் புதிய நன்மை வந்தாலும் முதலில் அதை எடுத்துக்கொள்பவர்கள் வசதியானவர்கள். ஆகவே முதலில் இடைவெளி விரியும். அவர்கள் நிரம்பிய பிறகுதான் கீழ்த்தட்டு மேலே வரும், இடைவெளி சுருங்கும். குளத்துக்கு வாய்க்கால் வெட்டினால் தலைமடைக்குத் தண்ணீர் பாய்ந்த பிறகுதான் கடைமடைக்கு வரும் என்று நம் விவசாயி சொல்வதும் இதுதான். கடைமடைக்காரனுக்குத் தெரிந்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் தானாக வராது, யாராவது மண்வெட்டியோடு மடையில் போய் நிற்க வேண்டும்.

அப்படி நின்ற ஒருவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தின் டாக்டர். மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் எழுதிப் பேர் பெற்றவர். அந்த வாக்கியத்தைவிட அவர் செய்த வேலை எனக்குப் பெரிதாகப் படுகிறது. கிராமத்தின் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும், நோய் என்று வந்தாலும் வராவிட்டாலும், 1960-களின் கடைசியிலிருந்து பிரஷர் பார்த்தார். வராதவர்களைத் தேடிப்போனார். பல வருடம் கழித்துப் பக்கத்துக் கிராமமான பிளைன்குயின்வியோடு ஒப்பிட்டபோது, அதே நிலக்கரி, அதே வறுமை, ஆனால் 65 வயதுக்குள் சாகிறவர்கள் கிளின்கோரக்கில் கால்வாசிக்கு மேல் குறைவு. எவ்வளவு அலுப்பான வேலை! கைப்பட்டை, காற்று, கேட்டல், எழுதுதல், மறுபடி கைப்பட்டை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கி, பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தபோது எனக்கு அந்தக் கிராமத்து டாக்டர்தான் நினைவுக்கு வந்தார். கொண்டுபோய்க் கொடுக்கிற பெண்ணிடம் ஒன்று கேட்கத் தோன்றியது. போன மாதம் கொடுத்த அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பீர்களா?

மாத்திரைக்கும் முந்திய ஒரு வறுமை இருக்கிறது. அதை எந்த முகவரும் கதவு தட்டி மாற்ற முடியாது.

மேற்கு ஸ்காட்லாந்தில் 1970-களின் தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண் தொழிலாளர்களைப் பதிவு செய்து பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவருக்குப் பக்கவாதம் வருமா என்பதில், அவர் இன்று என்ன வேலை பார்க்கிறார் என்பதோடு, அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதும் சேர்ந்துகொண்டது. பிள்ளை மேலே ஏறிவிட்டாலும் அப்பாவின் கூலி அவன் ரத்தக்குழாயில் தங்கியிருந்தது. இதய நோயைவிடப் பக்கவாதத்துக்குக் குழந்தைப்பருவ நினைவு அதிகம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

பிரேசிலில் இந்த நினைவுக்கு ஒரு பூச்சியின் உருவமும் உண்டு. உள்நாட்டுக் கிராமங்களில், கம்பு கட்டி மண் அப்பிய சுவர்களின் வெடிப்பில் குடியிருக்கும் ஒரு பூச்சி. தூங்குகிறவர்களின் முகத்தில் கடிப்பதால் அதற்கு 'பார்பேய்ரோ', நாவிதன், என்று பேர். அதன் எச்சத்தில் வரும் ஒட்டுண்ணி ஒன்று உடம்புக்குள் போகும். கார்லோஸ் ஷாகஸ் என்ற டாக்டர் 1909-இல், மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் லாசான்ஸ் என்ற ரயில் நிலையத்து ஊரில், இதைக் கண்டுபிடித்தார். நோய்க்கு அவர் பெயர்தான். தொற்றிய பலருக்கு ஒன்றுமே தெரியாது. இருபது முப்பது வருடம் கழித்து மூன்றில் ஒருவருக்கு இதயம் தளர்கிறது. தளர்ந்த இதயத்தின் மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி ஒரு நாள் கிளம்பி மூளைக்குப் போகிறது.

முக்கியமான பூச்சியினத்தால் இனிப் பரவல் இல்லை என்று 2006-இல் பிரேசில் சான்று வாங்கிவிட்டது. அதற்குள் மினாஸிலிருந்தும் பாயியாவிலிருந்தும் வடகிழக்கின் வறண்ட நிலத்திலிருந்தும் லட்சக்கணக்கானோர் வேலை தேடி சாவோ பாவுலோவுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். நகரத்தைக் கட்டியவர்கள் அவர்கள். கிழக்குக் கடைசிக் குடியிருப்புகளில் வீடு கிடைத்தவர்களிலும் அவர்கள் நிறைய. மண்சுவரை விட்டு வந்தாயிற்று. பேருந்தில் நின்றுகொண்டு, தவிர்த்த மாத்திரையோடு, சிமென்ட் சுவருக்குள் வாழ்ந்தாயிற்று. மண்சுவர் மட்டும் இதயத்துக்குள் கூடவே வந்திருக்கிறது.

பக்கவாதத்தில் விழுந்து காரணம் பிடிபடாத நோயாளியின் படுக்கைப் பக்கம் பிரேசில் டாக்டர்கள் கேட்கும் கேள்வி ஒன்று நம்மூர் வார்டுகளில் கேட்காதது. மொயெமா முகவரிக்காரரிடம் அதைக் கேட்கும் தேவை அபூர்வமாகத்தான் வரும். நோயாளிக்குப் பேச்சு வராவிட்டால், கூட வந்த மகளிடம் கேட்பார்கள். அம்மா எந்த ஊரில் பிறந்தார்? சின்ன வயதில் அவர்கள் வீட்டுச் சுவர் செங்கல்லா, மண்ணா?